வாசகர் வேடத்தில் சக ஊழியர்: மெய்நிகர் உலகில் நூலகர்கள் நடத்திய ஆறு அமர்வுகள்

பின்னணி

ஒன்பது நூலகங்களைச் சேர்ந்த 26 ஊழியர்கள் அடங்கிய ஒரு பயிற்சிக் குழு, தன் மாதக் கூட்டத்தையும் பணித்திறன் பயிற்சியையும் ஆறு மாத காலம் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில், அதாவது ஒவ்வொருவரும் அவதார் என்ற கணினி உருவமாக நடமாடும் முப்பரிமாண இணைய இடத்தில், நடத்திப் பார்த்தது. அதுவரை எல்லாம் வீடியோ அழைப்பில்தான் நடந்தது. அதில் இரண்டு குறைகள் தொடர்ந்து பேசப்பட்டன. ஒன்று, கூட்டத்தில் நான்கைந்து பேர் பேச, மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார்கள். இரண்டாவது கொஞ்சம் ஆழமானது: ரெஃபரன்ஸ் பயிற்சி எடுபடவில்லை. வாசகர் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இருக்கும் உண்மையான தேவையைத் துருவிக் கேட்டு அறிவதுதான் அந்தப் பயிற்சி. பத்து வருடமாகப் பழகிய சக ஊழியர் "நான்தான் வாசகர்" என்று திரையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்குமே துருவத் தோன்றுவதில்லை.

மெய்நிகர் உலகம் நூலகர்களுக்குப் புது இடமல்ல. லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் செகண்ட் லைஃபைத் திறந்தது. 2006-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த அலையன்ஸ் லைப்ரரி சிஸ்டம் அங்கே ஒரு நூலகத்தைத் தொடங்க, அது இன்ஃபோ ஐலண்ட் என்ற தீவாகவும் பிறகு தீவுக்கூட்டமாகவும் வளர்ந்தது. பல நாட்டு நூலகர்கள் ஓய்வு நேரத்தில் வந்து ரெஃபரன்ஸ் மேசையில் முறைவைத்து உட்கார்ந்தார்கள். கல்வி நிறுவனங்களுக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் கொடுத்துவந்த விலைச் சலுகையை நிறுத்துவதாக 2010 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2011 தொடக்கத்தில் அது நடைமுறைக்கும் வந்ததும் பலர் இடத்தைக் காலிசெய்தார்கள். சிலர் தாங்களே சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய ஓபன்சிமுலேட்டர் என்ற மெய்நிகர் உலக மென்பொருளுக்குப் போனார்கள். 2013-இல் சலுகை திரும்பியபோது பல தீவுகள் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தன. கம்யூனிட்டி வர்ச்சுவல் லைப்ரரி போன்ற சில அமைப்புகள் இடைவிடாமல் தொடர்கின்றன.

குழு இந்தப் பழைய அனுபவத்தைப் படித்துவிட்டுத்தான் இறங்கியது. ஆனால் மெய்நிகர் நூலகம் ஒன்றைக் கட்டி வாசகர்களை வரவழைப்பது அதன் திட்டத்தில் இல்லை. ஊழியர்கள் கூடவும் பயிலவும் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

கருவியும் இடமும்

செகண்ட் லைஃப், ஓபன்சிமுலேட்டர் இரண்டும் பரிசீலிக்கப்பட்டன. ஓபன்சிமுலேட்டரின் பெரிய வசதி, கட்டிய இடம் முழுவதையும் ஓஏஆர் என்ற ஒற்றைக் கோப்பாகச் சேமித்து வேறு சர்வரில் அப்படியே விரிக்கலாம் என்பது. செகண்ட் லைஃபில் அதற்கு வழியில்லை. வாடகை நின்றால் கட்டியது கலைந்துவிடும், பொருட்கள் அவரவர் இன்வென்டரிக்கு, அதாவது கணக்கில் உள்ள பொருள் கிடங்குக்கு, திரும்பும். மறுபக்கம், ஓபன்சிமுலேட்டரில் குரல் வசதியைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். குழுவில் கணினி தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் பகுதி நேரம். அதனால் செகண்ட் லைஃப் தேர்வானது.

அங்கே நிலத்தின் அடிப்படை அலகு ரீஜன்: 256 மீட்டருக்கு 256 மீட்டர். அதற்குள் 64-க்கு 64 மீட்டர், அதாவது 4,096 சதுர மீட்டர் மனை ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். 30 நாற்காலிகள், ஒரு மேடை, ஒரு திரை, வந்திறங்கும் இடத்தில் ஒரு வரவேற்புப் பலகை. கட்டடம் எழுப்பவில்லை. சுவரும் கூரையும் கேமராவுக்கு, அதாவது திரையில் அந்த உலகைக் காட்டும் பார்வைக் கோணத்துக்கு, இடைஞ்சல். திறந்தவெளியே போதும் என்ற முடிவு கடைசிவரை சரியாக இருந்தது.

முதல் அமர்வு: 23 நிமிடம் போனது எங்கே

அழைப்பு 26 பேருக்குப் போனது. 21 பேர் கணக்குத் தொடங்கினார்கள். கூட்டம் தொடங்கும் நேரத்தில் 14 பேர்தான் உள்ளே இருந்தார்கள். ஒரு மணி நேரக் கூட்டத்தில் முதல் 23 நிமிடம் ஆளைச் சேர்ப்பதிலேயே கழிந்தது. ஐந்து விவாதப் பொருள்களில் இரண்டு முடிந்தன.

வர முடியாத ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஒரே சிக்கல். உள்நுழைவுப் பக்கம் திறக்கிறது, கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, முன்னேற்றப் பட்டை நகர்கிறது. கடைசியில் ரீஜனின் பதிலுக்குக் காத்திருப்பதாக ஒரு வரி வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த அடையாளம் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்: அலுவலக வலையமைப்பின் காவல் அரணான ஃபயர்வால், யூடிபி என்ற வகைத் தரவுப் போக்குவரத்தைத் தடுக்கிறது. உள்நுழைவு வழக்கமான இணைய போர்ட் (எண்ணிட்ட இணைப்பு வாசல்) வழியாக நடப்பதால் அதுவரை எல்லாம் சரியாகத் தோன்றும். உலகத்தோடு பேசும் வேலை யூடிபியில் 12000 முதல் 29999 வரையிலான போர்ட்டுகளிலும், டிசிபி என்ற இன்னொரு வகையில் 12043, 12046 ஆகியவற்றிலும் நடக்கிறது. வெளிச்செல்லும் திசையில் இவை திறந்திருக்க வேண்டும். ஊழியர்களோ கடவுச்சொல் தவறு என்று நினைத்து மூன்று நான்கு முறை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மீதி இருவர் உலகத்துக்குள் வந்துவிட்டார்கள், மனைக்குள் நுழைய முடியவில்லை. அந்நியர் நுழையக் கூடாது என்று மனையின் அனுமதியைக் குழு உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த இருவரும் செகண்ட் லைஃபுக்குள் அமைத்த குழுவில் சேர அழைப்பு வந்தபோது ஜன்னலை மூடிவிட்டவர்கள். அழைப்பை ஏற்றால்தான் உறுப்பினர். எல்லையில் சிவப்புக் கோடுகளுக்கு வெளியே நின்று உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே வந்த 14 பேரின் நிலையும் சுகமாக இல்லை. எல்லாரும் ஒரே புள்ளியில் வந்து இறங்கியதால் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். நாற்காலியில் உட்கார, அதன்மேல் வலது சொடுக்கி 'உட்கார்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது தெரியாமல் நாற்காலியை நோக்கி நடந்து அதன்மேல் ஏறி நின்றவர்கள் மூவர். ஒருவரின் ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி அவர் மைக்கிலேயே திரும்பப் பாய்ந்து, எல்லார் பேச்சும் இரட்டையாகக் கேட்டது. யாருடைய மைக் என்று கண்டுபிடிக்க எட்டு நிமிடம். பேசுபவரின் தலைக்குமேல் அலை போல ஒரு குறி எழும். பேசாத ஒருவர் தலைமேல் அது ஆடினால் அவர்தான். இது முன்பே தெரிந்திருந்தால் எட்டு விநாடி.

இதற்கு நடுவில், கூட்டத்தில் இல்லாத ஒரு குரல் இசைக் கச்சேரி ஒன்றைப் பற்றிப் பேசியது. பக்கத்து மனைக்காரர். குரல் ஏறக்குறைய 60 மீட்டர் வரை கேட்கும், மனை எல்லையை அது மதிக்காது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

கூட்டத்தைத் தொடர்வதா என்பதே முதலில் விவாதிக்கப்பட்டது. ஒருங்கிணைப்பாளரின் வாதம்: இன்று கெட்டவை எல்லாம் நுழைவாயிலில் கெட்டவை, கூட்ட முறையைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அதை ஏற்று நான்கு மாற்றங்கள் செய்தார்கள்.

மனை அமைப்பில், ஒலிப் பகுதியில் உள்ள 'குரலை இந்த மனைக்குள் அடக்கு' என்ற கட்டம் தேர்வானது. பக்கத்து மனையில் இருப்பவர்கள் இங்கிருப்பவர்களைப் பார்க்கவும் எழுத்தில் பேசவும் அனுமதிக்கும் கட்டம் நீக்கப்பட்டது. குரலை மட்டும் அடக்கினால் போதாது. எழுத்து அரட்டை 20 மீட்டர் வரை போகும். எல்லையோரம் உட்கார்ந்து எழுதுவதை அடுத்த மனையில் நிற்பவர் படிக்கலாம்.

இறங்கும் இடத்தை நாற்காலிகளிலிருந்து 15 மீட்டர் தள்ளி வைத்தார்கள். அங்கே ஒருவர் நிரந்தரமாக நிற்பார். அவருக்குக் கூட்டத்தில் வேறு வேலை கிடையாது. வருபவரை எழுத்தில் வரவேற்பது, குரலைச் சோதிப்பது, உட்கார வைப்பது, வெளியே மாட்டிக்கொண்டவரின் தனிச்செய்திக்குப் பதில் சொல்வது. குழுவில் இவருக்கு வாசல்காரர் என்று பெயர் விழுந்தது. மெய்நிகர் கூட்டத்தின் முதுகெலும்பே இவர்தான் என்பது இந்த ஆய்வை எழுதுபவர்களின் கருத்து. தலைவர் இல்லாமல்கூட அரை மணி நேரம் ஓட்டிவிடலாம், வாசல்காரர் இல்லாமல் முடியாது.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, ஒவ்வொருவரும் தான் கூட்டத்தன்று உட்காரப்போகும் அதே கணினியில், அதே இணைப்பில் பத்து நிமிடம் உள்ளே வந்து போக வேண்டும். 'அதே' என்பதில்தான் விஷயம். வீட்டில் சோதித்துவிட்டு அலுவலகத்திலிருந்து வந்தால் சோதனை வீண். ஹெட்செட் கட்டாயம்; வியூவரை, அதாவது உலகத்துக்குள் நுழையப் பயன்படும் மென்பொருளை, திறக்கும் முன்பே செருகிவிட வேண்டும், இல்லையென்றால் மடிக்கணினியின் சொந்த மைக்கே தேர்வாகியிருக்கக்கூடும். பேசாதபோது மைக்கை அணைத்தே வைக்க வேண்டும். பேச விரும்புபவர் அரட்டையில் ஆச்சரியக்குறி இட வேண்டும், கேள்வி இருந்தால் வினாக்குறி.

ஃபயர்வால் விஷயத்தில் ஐந்து பேரின் நிறுவனங்களுக்கும் போர்ட் எண்களோடு கடிதம் போனது. இரண்டு பேருக்குத் திறந்து கொடுத்தார்கள். மூன்று பேருக்கு மறுப்பு. அத்தனை பெரிய போர்ட் வரிசையைத் திறக்கத் தயங்குவதைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் வீட்டிலிருந்தோ கைப்பேசி இணைப்பிலோ வர ஏற்பாடானது.

இரண்டாம் அமர்வு: தலை கவிழ்ந்த சபை

வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து, பட்டியலாக்கம் பற்றி ஸ்லைடுகளோடு 40 நிமிட உரை. இம்முறை 22 பேர், ஐந்தே நிமிடத்தில் எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. உரை தொடங்கிச் சில நிமிடங்களில் முன்வரிசையில் ஒரு அவதார் தலையைத் தொங்கப்போட்டது. அடுத்து இன்னொன்று. இருபதாவது நிமிடத்தில் பாதிச் சபை தலை கவிழ்ந்து கிடந்தது.

யாரும் தூங்கவில்லை. விசைப்பலகையும் மௌஸும் சில நிமிடம் அசையாவிட்டால் வியூவர் அந்த ஆளை 'வெளியே போயிருக்கிறார்' என்று கணித்து அவதாரைத் தலை குனிய வைக்கிறது. காது கொடுத்துக் கேட்பவர்தான் மௌஸைத் தொடமாட்டார். உரையாளருக்கு இது தெரியாது. தன் பேச்சு அலுப்பூட்டுவதாக நினைத்து, பின்பாதியை விரைவாக முடித்துவிட்டார். விருப்பத்தேர்வுகளில் இந்த நேர வரம்பை 'ஒருபோதும் இல்லை' என்று மாற்றலாம். அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்லைடுகளிலும் கோளாறு. ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு படமாக மேலேற்றப்பட்டுத் திரைப் பலகையில் ஒட்டப்படுகிறது. புதுப் படம் ஒவ்வொருவர் கணினிக்கும் தனித்தனியாக இறங்குவதால் முதலில் சாம்பல், பிறகு மங்கல், அதற்குப் பிறகுதான் எழுத்து தெரியும். மெதுவான இணைப்பில் இருந்தவர்கள் எப்போதும் ஒரு ஸ்லைடு பின்தங்கியே இருந்தார்கள். இதற்குத் தீர்வு எளியது: அடுத்த இரண்டு மூன்று ஸ்லைடுகளைத் திரைக்கு அருகே கட்டைவிரல் அளவுப் பலகைகளில் முன்கூட்டியே காட்டிவைத்தால் அவை பார்ப்பவர் கணினியில் இறங்கியிருக்கும், பெரிய திரைக்கு வரும்போது உடனே துலங்கும். படத்தின் நீள அகலத்தையும் வியூவர் தானே 512, 1024 என்ற இரட்டிப்பு எண்களுக்கு மாற்றிவிடும். ஆகவே 16-க்கு 9 ஸ்லைடை நாமே 1024-க்கு 1024 சதுரமாக இழுத்து மேலேற்றி, பலகையை 16-க்கு 9 விகிதத்தில் செய்துவிட வேண்டும். பலகையில் படம் மறுபடி சரியான வடிவத்துக்கு வரும். அப்படிச் செய்யாததால் அன்று எழுத்துகள் பக்கவாட்டில் நசுங்கித் தெரிந்தன.

இன்னொரு விசித்திரம்: மூன்று பேர் "பேச்சு திடீரென்று தூரமாகிவிட்டது" என்று எழுதினார்கள். அவர்கள் ஸ்லைடைப் பெரிதாகப் பார்க்க ஆல்ட் விசையோடு மௌஸை இழுத்துக் கேமராவைத் திரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர்களுடைய வியூவரில் காது கேமரா இருக்கும் இடத்தில் இருந்தது, அவதார் இருக்கும் இடத்தில் அல்ல. திரை மேடையிலிருந்து தள்ளி இருந்ததால் உரையாளரின் குரல் அவர்களுக்குத் தேய்ந்தது. ஒலி அமைப்பில் 'அவதாரின் இடத்திலிருந்து கேள்' என்று மாற்றினால் தீர்ந்தது.

அமர்வு முடிந்ததும் பின்னூட்டம் கேட்டபோது வந்த பதில் நேர்மையானது: ஸ்லைடோடு உரை கேட்க வீடியோ அழைப்பே மேல். குழு அதை மறுக்கவில்லை.

மூன்றாம் அமர்வு: நான்கு மேசைகள்

ரெஃபரன்ஸ் பயிற்சிக்கு மனையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு மேசை போட்டார்கள். மேசைகளுக்கு இடையே 50 மீட்டருக்கு மேல் இடைவெளி. குரலில் நடத்தினால் ஒரு மேசைப் பேச்சு மற்றதில் லேசாகக் கேட்கும். எழுத்து 20 மீட்டரோடு நின்றுவிடும். அதனால் எழுத்து. இந்தத் தேர்வு வெறும் ஒலிச் சிக்கலுக்காகச் செய்தது, ஆனால் முழு முயற்சியிலும் அதிகம் பலன் தந்தது இதுதான்.

வாசகராக நடிக்க ஆறு பேர் தேர்வானார்கள். ஒவ்வொருவரும் புதுப் பெயரில் புதுக் கணக்கு, புது உருவம். யார் எந்த உருவத்தில் இருக்கிறார் என்பது ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்கார்டு, அதாவது செகண்ட் லைஃபுக்குள் கைமாற்றும் குறிப்புத்தாள். அதில் மூன்று வரி: முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உண்மையான தேவை, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டிய தகவல். மேசையில் இருப்பவருக்குக் கார்டு தெரியாது. ஒரு உரையாடலுக்கு 12 நிமிடம், மொத்தம் 12 உரையாடல்கள். எழுத்துப் பதிவைச் சேமித்துப் பெயரை நீக்கிப் பயிற்சிக்குப் பயன்படுத்த எல்லாரிடமும் முன்பே ஒப்புதல் வாங்கப்பட்டது. அருகிலுள்ள அரட்டையைப் பதிவுசெய்யும் தேர்வு வியூவரில் தானாக இயங்கும் என்று நம்பக் கூடாது. அமர்வு தொடங்கும் முன் வாசல்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்டு உறுதிசெய்தார்.

பதிவிலிருந்து ஒரு துண்டு:

வாசகர்: மருத்துவப் புத்தகமெல்லாம் எங்க இருக்கும்?
நூலகர்: 610-இல் பாருங்கள். இரண்டாவது வரிசை, இடது பக்கம்.
வாசகர்: சரிங்க, நன்றி.

அவ்வளவுதான். (610 என்பது டூயி நூல் வகைப்பாட்டில் மருத்துவத்துக்கான எண்.) அந்தக் கார்டில் இருந்த உண்மையான தேவை: அப்பாவுக்குப் புதிதாக இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதோடு எதைச் சாப்பிடக் கூடாது என்று தெரிய வேண்டும். மருந்தியல் 615-இல் இருக்கிறது. அதைவிட, நம்பகமான மருந்துத் தகவல் தளம் ஒன்றைக் காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். நூலகர் தவறான பதில் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குத்தான் சொன்னார். 12 உரையாடல்களில் ஏழில் முதல் பதிலே அலமாரி எண்ணாக இருந்தது. ஏழிலும் வாசகர் மறுபேச்சில்லாமல் போய்விட்டார். பத்து, இருபது வருட அனுபவம் உள்ளவர்களும் அந்த ஏழில் உண்டு.

வீடியோ அழைப்பில் இது ஏன் வெளிப்படவில்லை? அங்கே எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று தெரிந்துவிடும், உடனே எல்லாரும் பாடப்புத்தக நூலகராக மாறிவிடுவார்கள். இங்கே முன்பின் தெரியாத பெயரில் ஓர் உருவம் வந்து கேட்டது. கையில் என்ன வழக்கம் இருந்ததோ அதுதான் வெளியே வந்தது.

இன்னொரு பழக்கமும் பதிவில் அகப்பட்டது. நூலகர் பட்டியலில் தேடுவதற்காக வேறு ஜன்னலுக்குப் போகிறார். அந்த நேரம் அவர் அவதார் சிலையாக நிற்கிறது. வாசகர் 40, 50 விநாடி காத்திருந்து "இருக்கீங்களா?" என்று எழுதுகிறார். நேரில் நூலகர் திரையைப் பார்ப்பதை வாசகர் பார்ப்பார். எழுத்தில் மௌனம் என்றால் ஆள் இல்லை என்று பொருள். அரட்டை வழி ரெஃபரன்ஸ் சேவை தரும் எந்த நூலகத்துக்கும் இது பொருந்தும்.

நான்காம் அமர்வு: ஒரு மணி நேரம் தவறியது

வழக்கமான மாதக் கூட்டம். 22 பேர் வர வேண்டிய இடத்தில் குறித்த நேரத்துக்கு 13 பேர். மீதி ஒன்பது பேர் சரியாக ஒரு மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு வந்தார்கள். அறிவிப்பில் செகண்ட் லைஃபின் கடிகாரப்படி நேரம் போட்டிருந்தது. அந்தக் கடிகாரம் அமெரிக்கப் பசிபிக் நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிறு அன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும், நவம்பர் முதல் ஞாயிறு திரும்பும். கோடைகால நேரம் இல்லாத இடத்தில் இருப்பவர்கள் முந்தைய மாதக் கணக்கையே வைத்திருந்தார்கள். அதன் பிறகு அறிவிப்புகள் உலகப் பொது நேரத்திலும் உள்ளூர் நேரத்திலும் மட்டுமே போயின.

நடந்த கூட்டம் நன்றாகவே நடந்தது. ஒரு சிறு கவனிப்பு: யாராவது அரட்டையில் தட்டச்சு செய்தால் அவருடைய அவதார் காற்றில் தட்டச்சு செய்வது போலக் கையசைக்கும், சத்தமும் வரும். பேச வாயெடுக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம். தலைவர் அதைக் கவனித்து, அடுத்த பொருளுக்குத் தாவாமல் நிறுத்தினார். வீடியோ கூட்டங்களில் வாயே திறக்காத நான்கு பேர் அன்று எழுத்தில் கருத்துச் சொன்னார்கள்.

நீளமாக எழுதுபவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அரட்டையின் ஒரு செய்திக்கு வரம்பு 1,023 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகும். 'கொ' என்பது இரண்டு குறி, ஆறு பைட். ஆக, தமிழில் எழுதினால் ஒரு செய்தியில் 341 குறிகளுக்குமேல் போகாது. நீண்ட அறிக்கையை நோட்கார்டாகக் கொடுத்துவிடுவதே வசதி.

பங்கேற்க முடியாதவர்கள்

கேமரா சுழல்வதால் ஒருவருக்குத் தலைசுற்றல் வந்தது. பார்வைக் குறைபாடு உள்ள ஒருவரால் நாற்காலியையே கண்டுபிடிக்க முடியவில்லை. இருவருக்கும் ராடகாஸ்ட் என்ற இலகுவான வியூவர் கைகொடுத்தது. அது எழுத்தை மையமாகக் கொண்டது. முப்பரிமாணக் காட்சியே இல்லாமல் அரட்டை, பொருட்களின் பட்டியல், உட்காருதல் எல்லாம் முடியும், பழைய கணினியிலும் ஓடும். காது கேளாத ஒருவருக்காகக் குரலில் பேசப்படுவதை ஒருவர் உடனுக்குடன் எழுத்தில் சுருக்கித் தந்தார். அந்த வேலையை 20 நிமிடத்துக்கு மேல் ஒருவரே செய்ய முடியாது, இருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய மடிக்கணினிக்காரர்களுக்குக் காட்சித் தொலைவை 64 மீட்டராகக் குறைத்து, சிக்கலான அவதார்களை ஒற்றை நிற உருவமாகக் காட்டும் வரம்பையும் தாழ்த்தியது உதவியது. இவ்வளவு செய்தும் இருவர் விலகிக்கொண்டார்கள்.

ஐந்தாம் அமர்வு: பதிவை வைத்துப் படித்தது

மூன்றாம் அமர்வின் 12 பதிவுகளும் பெயர் நீக்கி முன்கூட்டியே அனுப்பப்பட்டன. முதல் பாதியில் அவற்றை அமெரிக்க நூலகச் சங்கத்தின் ரெஃபரன்ஸ் பிரிவு முன்பு வகுத்திருந்த ஐந்து படிகளோடு வைத்துப் பார்த்தார்கள்: அணுகத் தக்கவராக இருத்தல், ஆர்வம் காட்டல், கேட்டலும் வினவலும், தேடல், பின்தொடர்தல். மூன்றாவது படி ஏழு பதிவுகளில் வெறுமை, ஐந்தாவது படி பத்தில் வெறுமை.

பிறகு 1986-இல் ப்ரெண்டா டெர்வினும் பாட்ரிசியா டூட்னியும் முன்வைத்த நடுநிலை வினா முறை விளக்கப்பட்டது. 'ஏன் வேண்டும்' என்று கேட்டால் வாசகருக்கு விசாரணை போலத் தோன்றும். அதற்குப் பதிலாக, எந்தச் சூழலில் இந்தத் தேவை எழுந்தது, எதில் தடைபட்டு நிற்கிறார், கிடைத்தால் எதற்குப் பயன்படும் என்ற மூன்றைச் சுற்றிக் கேட்பது. இரண்டாம் பாதியில் புது கார்டுகளோடு மறுபடி மேசைக்குப் போனார்கள். ஒரு பதிவு:

வாசகர்: பழைய செய்தித்தாள் இருக்குமா?
நூலகர்: இருக்கிறது. எதைப் பற்றித் தேடுகிறீர்கள் என்று கொஞ்சம் சொன்னால் சரியான ஆண்டுக்கே போய்விடலாம்.
வாசகர்: எங்க தாத்தா வேலை பார்த்த மில் பத்தி.
நூலகர்: இதுவரை என்னென்ன கிடைத்தது?
வாசகர்: ஒரு போட்டோதான். வருஷம் தெரியல.
நூலகர்: பட்டியலில் தேடுகிறேன், இரண்டு நிமிடம் ஆகும். போகாதீர்கள்.

இந்த முறை 12-இல் இரண்டு மட்டுமே அலமாரி எண்ணோடு முடிந்தன. பயிற்சி என்று தெரிந்தே வந்ததால் எல்லாரும் கவனமாக இருந்திருப்பார்கள், முன்னேற்றம் முழுவதையும் முறைக்கு வரவுவைக்க முடியாது. நிஜ மேசையில் இது நிலைக்குமா என்பதை இந்தப் பதிவுகள் சொல்லாது.

விளைவு

ஆறாம் அமர்வு மதிப்பீட்டுக்கானது. 20 பேர் வந்தார்கள். மாதக் கூட்டமும் உரைகளும் வீடியோ அழைப்புக்கே திரும்பின. ரெஃபரன்ஸ் பயிற்சி மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெய்நிகர் உலகில் தொடர்கிறது. மனை வாடகை தொடர்வதா என்பதில் கருத்து வேறுபட்டது. நான்கு மேசைக்கு இவ்வளவு நிலம் தேவையா என்று கேட்டவர்களின் பக்கம் நியாயம் இருந்தது. கடைசியில் மேடையும் திரையும் நீக்கப்பட்டு, நாற்காலிகள் எட்டாகக் குறைக்கப்பட்டன. மூலைகளுக்கிடையே தொலைவு வேண்டியிருப்பதால் மனை அப்படியே இருக்கிறது.

மூன்று நூலகங்கள் தங்கள் இணைய அரட்டைச் சேவையில் 'தேடுகிறேன், இத்தனை நிமிடம் ஆகும்' என்ற வரியைத் தயார்ச் செய்தியாகச் சேர்த்துக்கொண்டன. திட்டத்தில் எழுதப்படாத பலன் இது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் அமர்வைப் பொருள் நிரல் உள்ள கூட்டமாக வைத்தது தவறு. உட்காரவும் பேசவும் பழகும் அரை மணி நேரத்தை மட்டும் முதலில் வைத்திருந்தால் ஏழு பேருக்கு அந்த ஏமாற்றம் இருந்திருக்காது. ஃபயர்வால் கடிதமும் ஒரு மாதம் முன்பே போயிருக்கும். உரைக்காக ஓர் அமர்வைச் செலவழித்திருக்கவே வேண்டாம்.

மனையில் பிறர் வைக்கும் பொருள்கள் சில நிமிடங்களில் தானாகத் திரும்பிப்போகும்படி அமைத்திருந்தார்கள். ஐந்தாம் அமர்வின் நடுவில் உதவியாளர் போட்ட மேசை ஒன்று இப்படி மறைந்துபோனது; நூலகர் வெறும் தரையில் உட்கார்ந்து பதில் சொன்னார். பொருளைப் போட்டதும் அதைக் குழுவின் பெயரில் அமைத்திருந்தால் போதும். சோதனைப் பட்டியலில் இப்போது இது முதல் வரி.

கார்டுகள்தான் பெரிய குறை. அவற்றை எழுதியவர்கள் எல்லாரும் ரெஃபரன்ஸ் பிரிவினர், அதனால் வாசகர்கள் கொஞ்சம் நூலகர் மொழியிலேயே பேசினார்கள். வாசகர் உண்மையில் எப்படிக் கேட்பார் என்பது நாள் முழுக்கக் கவுண்டரில் நிற்கும் புழக்கப் பிரிவினருக்குத்தான் தெரியும். அடுத்த சுற்றுக்கான 12 கார்டுகளையும் அவர்கள் எழுதுகிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: முதல் கேள்வியில் 'புத்தகம்' என்ற சொல் வரக் கூடாது.